லுவாங்வா நதிக்கரையில்

ஆப்பிரிக்கா என்று சொன்னவுடனே நம்மவரில் பெரும்பாலோருடைய மனக்கண்முன் தோன்றுவன சிங்கமும் யானையும் அடர்ந்த காடுமேயாகும். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கொண்ட அம்மாபெருங் கண்டத்தை, பள்ளிப் பருவத்தில் பார்த்த ஒரு படத்தைக் கொண்டே நாம் வாழ்நாள் முழுவதும் அளந்து வருகின்றோம். அங்கே காடு உண்டு; விலங்குகளும் உண்டு. ஆனால் அக்காட்டின் ஓரத்திலே பயிரிட்டுப் பிழைக்கும் மக்களும் உண்டு என்பதும், அவர்களுடைய பொறுமை இல்லையேல் அவ்விலங்குகள் நெடுநாள் நிலைக்கமாட்டா என்பதும் எளிதில் நம் நினைவுக்கு வருவதில்லை.

2024-ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டி, ஜாம்பியா நாட்டின் லுவாங்வாப் பள்ளத்தாக்கில் எட்டு நாட்கள் தங்கிவரும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. நாங்கள் இருவர், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் எங்கள் மக்கள் இருவர், எழுபது வயதைக் கடந்த எங்கள் தாயார் ஆக ஐவர் சென்றோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதாகும் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

போன வழி

தில்லியிலிருந்து எத்தியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபா சென்று, அங்கே விமானம் மாறி, ஜாம்பியாவின் தலைநகராகிய லூசாக்காவை அடைந்தோம். எங்கள் தம்பி அவ்வூரில் பணிபுரிகின்றார். 1964-இல் அந்நாடு விடுதலை பெற்ற பின்னர் இந்திய ஆசிரியர் பலர் அங்கே சென்று பள்ளிகளில் பாடம் புகட்டினர். அவர்களிடம் கணிதம் கற்றோம் என்று அன்போடு சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம். நாங்கள் இந்தியர் என்று தெரிந்தவுடன் கடைக்காரர் ஒருவர் தம் பழைய ஆசிரியரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அவ்வாண்டு ஜாம்பியாவுக்குத் துன்பமான ஆண்டு. பருவமழை பொய்த்தமையால், 2024 பிப்ரவரி 29-ஆம் நாள் அந்நாட்டு அரசு வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. நாட்டில் விதைத்த மக்காச்சோளத்தில் ஏறத்தாழப் பாதி கருகிப்போயிற்று. ஜாம்பேசி நதியின் கரீபா அணையில் நீர் வற்றி மின் உற்பத்தி சுருங்கிவிட்டபடியால், லூசாக்காவில் நாளின் பெரும்பகுதி மின்சாரமின்றியே கழிந்தது. தம்பி வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசமும் சோறும் உண்டோம். மறுநாட் காலை சிறிய விமானம் ஒன்றில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து, ம்ஃபூவே என்னும் ஊரில் இறங்கினோம்.

விமான நிலையத்திலிருந்து காட்டுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் மாமரங்கள் நிற்கின்றன. மண் சுவரும் புற்கூரையும் கொண்ட வீடுகள். கால்கள் மேல் நிறுத்திய சோளக் குதிர்கள். மிதிவண்டியில் கரி மூட்டையும் விறகும் ஏற்றிச் செல்லும் ஆடவர். தலையில் நீர்க்குடம் சுமந்து செல்லும் பெண்டிர். எங்கள் தாயார் இவற்றைப் பார்த்துவிட்டு, "நம் ஊர்ப் பக்கம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இப்படித்தானே இருந்தது!" என்றார்கள். அங்கே வழங்கும் நியாஞ்சா மொழியில் வயதில் மூத்த ஆடவரைப் 'பம்போ' என்றும், பெண்டிரை 'அமாயி' என்றும் அழைக்கின்றனர். முன்னது தந்தை என்றும் பின்னது தாய் என்றும் பொருள்படும். வந்த முதல் நாளிலேயே எங்கள் தாயார் முகாமில் அனைவருக்கும் அமாயி ஆகிவிட்டார்கள்.

பள்ளத்தாக்கின் வரலாறு

லுவாங்வா நதி வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வளைந்து வளைந்து ஓடி ஜாம்பேசியோடு கலக்கின்றது. மேற்கே முச்சிங்கா மலைச்சரிவு அரண்போல் நிற்கின்றது. ஆறு ஆண்டுதோறும் கரையை அரித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்வதால், அது கைவிட்ட பழைய வளைவுகள் ஏரிகளாகத் தேங்கி நிற்கின்றன. கோடையில் விலங்குகளுக்கு உயிர் கொடுப்பவை இவ்வேரிகளே.

இப்பள்ளத்தாக்கு விலங்குகளுக்கென்றே எஞ்சியமைக்கு ஒரு சிறு ஈயும் காரணமாகும். த்சேத்சே என்னும் அந்த ஈ கடித்தால் மாடுகள் நோயுற்று மடியும். ஆகையால் இங்கே மாடு வளர்த்தல் அரிது. ஏர் பூட்டுதலும் அரிது. மக்கள் மண்வெட்டியால் கொத்தியே சோளம் விதைக்கின்றனர். பெரும் பண்ணைகள் தோன்றாத காரணத்தால் காடு காடாகவே நின்றது.

1950-ஆம் ஆண்டில் நார்மன் கார் என்ற ஆங்கிலேயக் காட்டு அதிகாரி, குண்டா இனத் தலைவர்களுள் ஒருவராகிய என்செஃபுவிடம் சென்று ஒரு வேண்டுகோள் விடுத்தார். அவர் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கு ஒதுக்கினால், அங்கே ஒரு முகாம் அமைத்து, பார்க்க வருவோரிடம் பெறும் கட்டணத்தை அவர் மக்களுக்கே அளிக்கலாம் என்பது அவ்வேண்டுகோள். யானையைக் கொன்றால் ஒரு நாள் இறைச்சியும் இரண்டு தந்தமும் கிடைக்கும். உயிரோடு விட்டால் ஆண்டுதோறும் வருவாய் கிடைக்கும் என்னும் எண்ணம் அக்காலத்தில் புதுமையானது. தலைவர் இசைந்தார். பிற்காலத்தில் ஊர்தியை விட்டிறங்கிக் கால்நடையாகவே காட்டைச் சுற்றிக் காட்டும் வழக்கத்தையும் கார் இங்கே தொடங்கினார். அவர் 1997-இல் காலமானார்; நடைப் பயணத்தின் பிறப்பிடம் என்ற பெயர் பள்ளத்தாக்குக்கு நிலைத்துவிட்டது.

1972-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தென் லுவாங்வாவின் பரப்பு 9,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஆயினும் அறிவிப்பு ஒன்றே விலங்குகளைக் காத்துவிடவில்லை. 1970-களிலும் 1980-களிலும் தந்தத்துக்காகவும் கொம்புக்காகவும் நடந்த திருட்டு வேட்டையில் பல்லாயிரம் யானைகள் மாண்டன. கருங்காண்டாமிருகம் இப்பள்ளத்தாக்கிலிருந்து அடியோடு அழிந்தது. 1998-இல் நாட்டிலேயே அவ்வினம் இல்லை என்று அறிவிக்கும் நிலை வந்தது. 2003-இல் வெளியிலிருந்து ஐந்து காண்டாமிருகங்களைக் கொணர்ந்து வட லுவாங்வாவில் விட்டு அவ்வினத்தை மீண்டும் வளர்க்கத் தொடங்கினர். தந்த வாணிபத்தைத் தடுக்க 1989-இல் உலக நாடுகள் எடுத்த முடிவுக்குப் பின்னரே யானைகளும் மெல்லத் தலையெடுத்தன.

வேலியில்லா முகாம்

நாங்கள் முதலில் தங்கிய முகாமில் ஆறு குடில்களே இருந்தன. மரக்கழிகள், நாணல் தட்டி, புல் ஆகியவற்றால் ஆனவை அவை. நவம்பரில் மழை தொடங்குமுன் பிரித்துவிட்டு, மே மாதம் தரை காய்ந்த பின் மறுபடியும் கட்டுகின்றனர். முகாமைச் சுற்றி வேலி இல்லை, அகழி இல்லை, சுவரும் இல்லை. இதனைக் கண்டு எங்கள் மகள் சற்றுத் தயங்கினாள். "நாம் அவற்றின் வீட்டுக்கு வந்திருக்கிறோம், அம்மா. விருந்தாளி கதவைச் சாத்திக்கொள்ள முடியாது" என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்.

விருந்தாளிக்கு உரிய ஒழுங்குகளையும் அவரே எடுத்துரைத்தார். இருட்டிய பின் தனியே குடிலை விட்டு வெளியே வருதல் கூடாது. காவலர் கைவிளக்குடன் வந்து அழைத்துச் செல்வார். குடிலுக்குள் பழம் எதுவும் வைத்தல் ஆகாது. ஆரஞ்சுப் பழத்தின் மணம் பிடித்தால் யானை கூரையையே பிரித்துவிடும். விலங்கு எதிர்ப்பட்டால் ஓடலாகாது. அதற்கு வழிவிட்டு அமைதியாக நிற்கவேண்டும். நடைப் பயணத்தில் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லவேண்டும். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே நடப்பார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவரை அந்நடைக்கு அழைத்துச் செல்வதில்லை.

முதல் நாள் மாலை தேநீர் வேளையில், ஓர் ஆண் யானை முகாமுக்குள் நடந்து வந்தது. எங்களுக்கும் அதற்கும் இடையே இருபது அடி தூரந்தான் இருக்கும். சமையற்காரர் கையில் எடுத்த பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். யானை மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாகத் துதிக்கையால் பொறுக்கி உண்டது. அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அது எங்களை ஒரு பொருட்டாகவும் கருதாமல் ஆற்றை நோக்கிச் சென்றது. நெற்றியில் நாமமும் கழுத்தில் மணியும் கொண்ட கோயில் யானையையே பார்த்துப் பழகிய எங்கள் தாயார், அது போகும் திசை நோக்கிக் கை குவித்தார்கள். "காசு கேட்காத யானையை இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்று பிறகு சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ஆப்பிரிக்க யானையின் காது நம் நாட்டு யானையின் காதைவிட மிகப் பெரியது. பெண் யானைக்கும் தந்தம் உண்டு. இவ்வேறுபாடுகளைப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்துக்கொண்டனர்.

இரவில் முகாமை ஆள்பவை நீர்யானைகள். பகலெல்லாம் ஆற்றில் அமிழ்ந்திருந்து, இருட்டியதும் கரையேறிப் புல் மேய்கின்றன. குடிலின் நாணல் தட்டிக்கு வெளியே ஏதோ ஒன்று புல்லைச் சரக்சரக் என்று பிடுங்கித் தின்னும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. தொழுவத்தை ஒட்டிய திண்ணையில் படுத்தது போல் இருந்தது என்பது எங்கள் தாயாரின் கருத்து. தொழுவத்து மாடு அல்ல, ஒன்றரை டன் எடையுள்ள விலங்கு அது என்று மகன் நினைவூட்டியும் அவர்கள் நன்றாகவே உறங்கினார்கள்.

கண்ட காட்சிகள்

லுவாங்வா நதியில் உள்ளவளவு நெருக்கமாக நீர்யானைகள் வாழும் இடம் உலகில் மிகச் சிலவேயாகும். மழைக்காலத்தில் அவை பரவி வாழ்கின்றன. நாங்கள் சென்ற காலத்தில் ஆறு மெலிந்து, ஆழமான மடுக்களில் மட்டுமே நீர் இருந்தது. ஒரே மடுவில் நூற்றுக்கு மேற்பட்டவை முதுகோடு முதுகு உரசிக் கிடந்தன. இடத்துக்காக ஒன்றோடொன்று வாய் பிளந்து சண்டையிட்டன. கரையில் ஒன்று இறந்து கிடக்க, முதலைகள் அதனைச் சூழ்ந்திருந்தன. வறட்சி மனிதரை மட்டுமா வாட்டுகின்றது?

அதே ஆற்றங்கரையில் கண்ணுக்கு இனிய காட்சி ஒன்றும் இருந்தது. செங்குத்தான மண் கரையில் நூற்றுக்கணக்கான துளைகள். அவற்றில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் கூடு வைத்திருந்தன. குங்குமச் சிவப்பு உடலும் நீலப்பச்சைத் தலையும் கொண்ட இப்பறவைகள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இங்கே வந்து, கரையைக் குடைந்து குஞ்சு பொரித்து, மழை தொடங்கிய பின் வேறிடம் செல்கின்றன. ஆறு கரையை அரித்துப் பழைய கூடுகளை அடித்துச் சென்றாலும், அடுத்த ஆண்டு வந்து புதிய கரையில் புதிதாகக் குடைகின்றன. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்று வீடு மாற்றி வாழும் நமக்கு இதில் வியப்பு இல்லை, உறவு உண்டு.

நடைப் பயணத்தில் பெரிய விலங்குகளைவிடச் சிறியனவே மிகுதியாகப் புலப்பட்டன. வழிகாட்டி குனிந்து ஒரு காலடித் தடத்தைக் காட்டி, இரவில் கழுதைப்புலி சென்ற திசையைச் சொன்னார். யானைச் சாணத்தை உடைத்து, உள்ளே முளைக்கத் தயாராய் இருந்த விதைகளைக் காட்டினார். சற்றுத் தூரம் சென்றதும் எங்களுக்கு நன்கு அறிமுகமான மரம் ஒன்று நின்றது. புளிய மரம்! 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லால் உலகம் அதனை அழைத்தாலும், அம்மரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவே. நம் குழம்புக்கு ஆதாரமான புளி ஒரு காலத்தில் கடல் கடந்து வந்து குடியேறியது என்று அறிந்தபோது பிள்ளைகள் நம்ப மறுத்தனர். அதன் அருகே பத்துப் பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க இயலாத பெருக்க மரம் ஒன்று, யானைகள் பட்டை உரித்த தழும்புகளோடு நின்றது. இராமநாதபுரம், மன்னார் பக்கங்களில் இம்மரத்தைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்; அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே.

இப்பள்ளத்தாக்குக்கே உரிய ஒட்டகச் சிவிங்கி இனம் ஒன்று உண்டு. தோர்னிக்ராஃப்ட் என்பது அதன் பெயர். உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இவை சில நூறு மட்டுமே உள்ளன. முள் மரத்தின் உச்சிக்கிளையை நாவால் வளைத்துத் தின்றுகொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்த ஐந்தைக் கண்டோம்.

இரவில் விளக்கோடு ஊர்தியில் செல்ல இங்கே இசைவு உண்டு. நான்காம் இரவில் சிறுத்தை ஒன்றைக் கண்டோம். சிவகுண்டல மரத்தின் தாழ்ந்த கிளையில் மானின் உடலைத் தொங்கவிட்டு, அதன் அருகில் நான்கு கால்களையும் தளரவிட்டுப் படுத்திருந்தது. கீழே கழுதைப்புலி ஒன்று வாய் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி சிறிது நேரத்திலேயே விளக்கை அணைத்துவிட்டார். ஒளி பட்டுக் கண் கூசினால் மான்கள் எளிதில் இரையாகிவிடும். நம் பார்வைக்காக அவற்றின் போராட்டத்தில் குறுக்கிடுதல் முறையன்று என்றார்.

எங்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை காட்டுநாய்கள். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாகப் பூசியது போன்ற உடல். வட்டமான பெரிய காது. ஆப்பிரிக்காவில் அருகிவரும் இவ்வினம் லுவாங்வாவில் ஓரளவு செழித்து வாழ்கின்றது. பன்னிரண்டு நாய்கள் கூட்டாக ஒரு மானை வீழ்த்தின. வீழ்த்தியவை உடனே உண்ணவில்லை. பின்தங்கி வந்த குட்டிகளை முதலில் உண்ணவிட்டு, பெரியவை சுற்றிக் காவல் நின்றன. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வேட்டையின் கொடுமையையும் குடும்பத்தின் அன்பையும் ஒரே காட்சியில் காண்பது எளிதன்று.

அக்டோபர் 31 தீபாவளித் திருநாள். தில்லியிலிருந்து கொண்டுசென்ற நல்லெண்ணெயைத் தலையில் வைத்துவிட்டு, எங்கள் தாயார் விடியுமுன்னே எல்லோரையும் நீராட வைத்தார்கள். பட்டாசு கிடையாது, அந்த அமைதியான காட்டில் அதனை நினைத்தும் பார்க்கவில்லை. தேங்குழலும் லட்டும் முகாமில் அனைவருக்கும் வழங்கினோம். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று தம்பி தொலைபேசியில் கேட்க, "லுவாங்வா ஸ்நானம் ஆச்சு, நீர்யானை சாட்சி" என்று அம்மா விடையளித்தார்கள்.

மாம்பழம் தேடி வரும் விருந்தினர்

கடைசி இரண்டு நாட்கள் ம்ஃபூவே லாட்ஜ் என்னும் விடுதியில் தங்கினோம். உலகெங்கும் அதன் புகழ் பரவியமைக்குக் காரணம் யானைகளேயாம். விடுதியின் முற்றத்தில் காட்டு மாமரம் நிற்கின்றது. பெயர்தான் மாமரம், நம் மாமரத்துக்கும் அதற்கும் உறவில்லை. அக்டோபர் இறுதியிலிருந்து அதன் பழங்கள் உதிரும். அம்மரத்துக்கு யானைகள் வழிவழியாகச் சென்று வந்த பாதையின் குறுக்கே விடுதி எழுந்துவிட்டது. யானைகள் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. படியேறி, வரவேற்புக் கூடத்தின் வழியே நடந்து, மறுபுறம் இறங்கி மரத்தடியை அடைகின்றன. பழம் உள்ளவரை, சில வாரங்களுக்கு, இது நாள்தோறும் நடக்கின்றது. நெடுங்காலம் இக்கூட்டத்தை நடத்தி வந்த பெண் யானைக்கு, அதன் கோணலான தந்தத்தை வைத்து 'வோங்கி டஸ்க்' என்று பெயரிட்டிருந்தனர்.

நாங்களும் கண்டோம். பிற்பகல் இரண்டு மணிக்கு விடுதிப் பணியாளர் கையசைத்து எல்லோரையும் ஒதுங்கச் சொன்னார். மூத்த பெண் யானை முதலில் படியில் கால் வைத்துச் சோதித்தது. அதன் பின்னே இளையவை இரண்டு. நடுவே ஒரு குட்டி. வரவேற்பு மேசையைக் கடந்து சென்றபோது ஒரு தாள்கூடக் கீழே விழவில்லை. குட்டி மட்டும் படியில் சற்றுத் தடுமாற, பின்னால் வந்தது துதிக்கையால் தாங்கியது. பாதையை அடைத்து ஒரு கதவு போடுவது அவ்விடுதியினர்க்கு அரிய செயலன்று. போடாமல் இருந்ததே அவர்கள் செய்த நல்ல செயல். வழிவிட்டவர்க்கு வருவாயும் பெருகிற்று.

சோளக் கொல்லையில்

இத்துடன் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை இனிய பயணக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் ஆற்றுக்கு இக்கரையில் மற்றொரு கதை நடக்கின்றது. பூங்காவுக்கும் ஊர்களுக்கும் இடையே வேலி இல்லை. ஆறு ஒன்றே எல்லை. யானைக்கு ஆறு தடையன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சோளம் முற்றும்போது, யானைகள் இரவில் நீந்திக் கரையேறிக் கொல்லைகளுக்குள் புகுகின்றன. ஒரு யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ உணவு கொள்ளும். நான்கு யானைகள் ஓர் இரவு தங்கினால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு மறைந்துவிடும்.

எங்கள் வழிகாட்டி தம் சொந்த ஊருக்கு எங்களை அழைத்துச் சென்றார். அவருடைய சிற்றன்னை முற்றத்தில் பாய் விரித்து அமரச் செய்து, சோள மாவில் கிண்டிய ந்ஷிமாவும், நிலக்கடலை சேர்த்து வேகவைத்த கீரையும் பரிமாறினார். ந்ஷிமா நம் களியேதான். கையால் உருட்டித் தொட்டு உண்ணவேண்டும். எங்கள் தாயார் உண்ட பாங்கைக் கண்டு அவ்வம்மையார் மகிழ்ந்து போனார். அது உதவித் திட்டத்தில் வந்த சோளம் என்பது பிறகு தெரிந்தபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அவ்வாண்டு அவர் விதைத்ததில் பெரும்பகுதியை வெயில் தின்றது. பள்ளமான ஒரு மூலையில் தப்பிப் பிழைத்ததை யானைகள் ஒரே இரவில் தின்றன. இழப்பீடு எதுவும் வரவில்லை. யானையைப் பார்க்க நீங்கள் கடல் கடந்து வருகிறீர்கள், யானை வராமல் இருக்க நாங்கள் இரவெல்லாம் தகரம் தட்டுகிறோம் என்று அவர் கூறியதை வழிகாட்டி மொழிபெயர்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எங்களை மிகவும் வருத்தியது.

சென்ற ஆண்டுகளில் அவ்வூரில் மனிதர் சிலர் யானையிடம் உயிரிழந்ததும் உண்டு. யானையைக் காக்கச் சட்டம் இருக்கின்றது. சோளத்தைக் காக்க யார் இருக்கின்றார்? இக்கேள்விக்கு விடை கிடைக்காத ஊரில், கண்ணி வைக்கக் கம்பி தேடுபவனைக் குறை கூறுவது எளிது, திருத்துவது அரிது.

விடை தேடும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அவற்றுள் எங்களைப் பெரிதும் கவர்ந்தது மிளகாய். காய்ந்த மிளகாயை இடித்து எண்ணெயில் குழைத்துத் துணியில் பூசி, கொல்லையைச் சுற்றிக் கயிற்றில் தொங்கவிடுகின்றனர். யானைச் சாணத்தோடு மிளகாய்த் தூளைப் பிசைந்து கட்டியாக்கி, காற்று வீசும் பக்கம் புகைய விடுகின்றனர். மிளகாய்ச் சாறு நிரப்பிய சிறு பந்துகளை எறியும் கருவியும் உண்டு. மோப்பத்தாலேயே உலகை அறியும் யானை, அந்நெடி தாங்காமல் விலகிச் செல்கின்றது. "யானைக்கே திருஷ்டி கழிக்கிறார்களே!" என்று எங்கள் தாயார் வியந்தார்கள். ஆயினும் கயிற்றை மழை நனைத்தால் மறுபடி பூசவேண்டும். இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும். உழைப்பு உழைப்புத்தான்.

மற்றொரு முயற்சி, கொமாக்கோ என்னும் கூட்டு நிறுவனத்துடையது. துப்பாக்கியையும் கண்ணிக் கம்பியையும் ஒப்படைத்துவிட்டு உழவுக்குத் திரும்பிய பழைய திருட்டு வேட்டைக்காரர் பலர் அதில் உறுப்பினர். அவர்கள் விளைவித்த அரிசி, நிலக்கடலை, எடுத்த தேன் ஆகியவற்றை நல்ல விலைக்கு வாங்கி நகரங்களில் விற்கின்றனர். லூசாக்காவின் கடையில் அத்தேனை நாங்களும் வாங்கினோம். முகாம்களில் வழிகாட்டி, சமையற்காரர், காவலர் என ஊரார்க்குக் கிடைக்கும் வேலையும் சிறிதன்று. ஒருவர் ஊதியத்தில் பத்துப் பேர் உண்ணும் ஊர்கள் அவை. எங்கள் வழிகாட்டியின் ஊதியமே அவ்வாண்டு அவர் சிற்றன்னை வீட்டிலும் அடுப்பு எரியச் செய்தது. 1950-இல் ஒரு தலைவரும் ஓர் அதிகாரியும் செய்துகொண்ட உடன்பாட்டின் உயிர்நிலை இதுவே: விலங்கினால் வரும் பயன், விலங்கினால் வரும் துன்பத்தைத் தாங்குவோரிடம் சேரவேண்டும். சேர்ந்த இடத்தில் யானை பிழைக்கின்றது. சேராத இடத்தில் கண்ணி முளைக்கின்றது.

செல்ல விரும்புவோர்க்கு

மே முதல் அக்டோபர் வரை விலங்குகளைக் காணச் சிறந்த காலம். அக்டோபரில் வெயில் 40 பாகையைத் தாண்டும். முதியோரும் சிறுவரும் ஜூன், ஜூலை மாதங்களில் செல்வது நலம். அப்போது விடியற்காலையில் குளிரும், கம்பளியாடை வேண்டும். மலேரியாக் காய்ச்சல் உள்ள பகுதியாகையால் மருத்துவரைக் கலந்து மாத்திரை உட்கொண்டே செல்லவேண்டும். நீலமும் கறுப்பும் த்சேத்சே ஈயை ஈர்க்கும் நிறங்கள். மண்ணிற ஆடையே ஏற்றது. புலால் உண்ணாதார் முன்னரே எழுதித் தெரிவித்தால், முகாம்களில் பருப்பும் காய்கறியும் சுவையாகச் சமைத்துத் தருகின்றனர். செலவு மிகுதிதான்; அதனை மறைப்பதற்கில்லை. ஊரின் நுழைவாயிலருகே உள்ள எளிய விடுதிகளில் தங்கி, நாள்தோறும் ஊர்தியில் சென்று வந்தால் செலவு பெரிதும் குறையும்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை சிங்கம் காட்டுவீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், உள்ளூரார் எத்தனை பேர் உங்களிடம் வேலை பார்க்கின்றனர், ஊர்ப் பள்ளிக்கும் கொல்லைக் காவலுக்கும் நீங்கள் என்ன தருகின்றீர்கள் என்றும் கேட்கவேண்டும். கேட்பவர் பெருகினால் கொடுப்பவரும் பெருகுவர். ஊருக்குள் சென்றால் அவர்கள் விளைவித்ததை விலை பேசாமல் வாங்கவேண்டும். நம் நாட்டிலும் யானைக் காட்டை ஒட்டிய ஊர்கள் பல உள்ளன. அங்கே செல்வோர்க்கும் இது பொருந்தும்.

எட்டு நாட்களில் எங்கள் பிள்ளைகள் நாற்பதுக்கு மேற்பட்ட விலங்குகளின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதினர். கடைசிப் பக்கத்தில் மகன் அவ்வம்மையாரின் கொல்லையை வரைந்து, அதைச் சுற்றி மிளகாய்க் கயிற்றையும் வரைந்திருந்தான். இனி வரும் ஆண்டுகளில் அங்கே மழை பொழிக, சோளம் விளைக, யானைகளும் தம் வழியே சென்று தம் மரத்தின் பழத்தை உண்டு வாழ்க என்று வேண்டி, அன்பர்களிடம் விடைபெறுகின்றோம்.